உளவு விமானத்துக்கு ஒரு மாட்டுப் பொங்கல்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் நெடுஞ்சாலையில், ஒரு பொறியியல் கல்லூரியின் வளாகத்துக்குள் ஒரு விமான அருங்காட்சியகம் இருக்கிறது. அதில் இரண்டே பொருட்கள். ஒன்று, மிக உயரத்தில் பறந்து எல்லைக்கு அப்பால் இருப்பவற்றைப் படம் பிடித்து வந்த உளவு விமானம். இன்னொன்று, அதோடு சேர்ந்து வேலை செய்த, ஆள் இல்லாத ட்ரோன். இரண்டும் ஜோடியாக மிஞ்சியிருப்பது அபூர்வம். அவற்றுக்குப் பொறுப்பாளர் நான். விமானப் பொறியியல் படித்தவள்.

இது எளிதான வேலையாக இருக்காது என்பது விமானம் வந்த அன்றே தெரிந்துவிட்டது. இறக்கைகளைக் கழற்றி, நீண்ட டிரெய்லரில் ஏற்றி வந்தார்கள். நானும் லாரியின் முன்பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். சுங்கச்சாவடியில் தடுப்புக் கம்பு மேலே எழவில்லை.

"மேல ஏத்திக்கினு வர்றது இன்னா வண்டி மேடம்?" என்று பூத்தில் இருந்தவர் கேட்டார்.

"விமானம்."

"அது தெரியுது. எந்தக் கேட்டகிரி? கார், வேன், பஸ், லாரி, இதுல எதுனா ஒண்ணு சொல்லுங்க."

"எதுவும் இல்ல. இது லாரி மேல இருக்கிற சரக்கு."

"சரக்குக்கு டயர் இருக்காதே. இதுக்கு மூணு எடத்துல டயர் கீது."

எங்களுக்குப் பின்னால் பேருந்துகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. அவர் வெளியே வந்து டயர்களை எட்டிப் பார்த்தார், ஒரு பயணியிடம் கருத்துக் கேட்டார், கடைசியில் கம்பைத் தூக்கினார். பின்னால் இன்னொரு லாரியில் வந்த ட்ரோனுக்கு டயர் கிடையாது. அதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

கல்லூரியின் சேர்மன் அரிசி ஆலையில் தொடங்கி மேலே வந்தவர். வாசலில் ஒரு போர் விமானம் நிற்க வேண்டும் என்பது அவருடைய நீண்ட நாள் ஆசை. பாதுகாப்புத் துறைக்குக் கேட்டுக் கேட்டு எழுதியதில் இது கிடைத்தது. முதல் நாள் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, துப்பாக்கி எங்க?"

"இதுக்குத் துப்பாக்கி கிடையாது சார்."

"குண்டு?"

"அதுவும் கிடையாது. வயித்துல கண்ணாடி இருக்கு பாருங்க, அதுக்குள்ள கேமரா வச்சிருந்தாங்க. படம் எடுக்கும்."

"அவ்ளோதானா?" என்றார். "போட்டோ ஸ்டூடியோவயா இம்மாந்தூரம் இழுத்துக்கினு வந்தீங்க?"

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் இரண்டு ஏவுகணை செய்து இறக்கைக்கு அடியில் மாட்டலாம் என்று அவர் சொன்ன யோசனையை நான் ஏற்கவில்லை. அசல் நிலையை மாற்றக்கூடாது என்பது விமானத்தைக் கொடுத்த துறையின் நிபந்தனை. அவர் சில நாட்கள் என்னோடு பேசவில்லை.

அடுத்த சிக்கல் பெண்கள் விடுதியிலிருந்து வந்தது. விடுதிக் காப்பாளர் ஒருநாள் என் அறைக்கு வந்து, "உங்க பிளேன் எங்க ஹாஸ்டலப் பாத்துக்கினே நிக்குது" என்றார். கேமராக்களை எப்போதோ கழற்றிவிட்டார்கள் என்று சொன்னேன். "கழட்டிட்டாங்கன்னு பெத்தவங்களுக்கு எப்படித் தெரியும்? போர்டுல உளவு விமானம்னு எழுதி வச்சிருக்கீங்க." கேமரா இருந்தாலும் அந்தக் கண்ணாடி கீழ்நோக்கித்தான் இருக்கிறது, அதில் தெரிவது தரை மட்டுமே என்று வரைந்து காட்டினேன். அவர் படத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "சாஞ்சா?" என்று கேட்டார். தொழில்நுட்ப ரீதியில் அது சரியான கேள்வி. கடைசியில் ஒரு இரும்புச் சட்டம் செய்து, விமானத்தைத் தொடாமல், அதன் வயிற்றைச் சுற்றி ரோஜாப்பூ போட்ட திரைச்சீலை கட்டினோம். துணி விடுதியில் மிச்சமானது.

பார்வையாளர்கள் வாரத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவுதான். அவர்கள் கேட்பதை மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். முதலிடம், உள்ளே ஏறலாமா. இரண்டாவது, ஸ்டார்ட் ஆகுமா. மூன்றாவது கேள்வி அல்ல, ட்ரோனைப் பற்றிய அவநம்பிக்கை.

"இதப் போயி ட்ரோனுன்னு எழுதிக்கிறீங்களே?" என்றார் விக்கிரவாண்டியிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர். "எங்க மச்சான் கல்யாணத்துல வந்துச்சு பாருங்க, அது ட்ரோனு. உள்ளங்கை அளவு. தாலி கட்டறத மேல நின்னு எடுத்துச்சு."

"அதுவும் ட்ரோன்தான். இது அதுக்கு முந்தின காலத்துது."

"இத்தினி பெரிசு எந்த மண்டபத்துல பூரும்?"

அவருடைய மனைவி குறுக்கிட்டார். "கேப்பைக்கு மருந்தடிக்கிறதா இருக்கும், நீ வாய மூடிக்கினு வா."

இவ்வளவும் சொல்வது, அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்பதைச் சொல்வதற்காக. என்னோடு படித்தவர்களில் சிலர் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறார்கள், சிலர் சென்னையில் கணினி வேலைக்குப் போய்விட்டார்கள், ஒருத்தி துணிக்கடை வைத்திருக்கிறாள். தினமும் ஒரு விமானத்தைக் கையால் தொடும் வேலையில் இருப்பது நான் மட்டும்தான். ஆனால் அது ஓராண்டுத் தற்காலிக நியமனம். அந்த ஆண்டு முடியும் நேரத்தில், வேறு மாநிலத்தில் உள்ள ஒரு பெரிய அருங்காட்சியகம் இந்த ஜோடியைத் தங்களுக்குக் கொடுக்கும்படி கேட்டிருந்தது. பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாள் துறையிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்து பார்த்து முடிவு செய்வார் என்று சொல்லிவிட்டார்கள். விமானம் போனால் அருங்காட்சியகம் கிடையாது. அருங்காட்சியகம் இல்லை என்றால் பொறுப்பாளர் கிடையாது.

நான் கணக்கில் கொள்ளாத ஒருவர் இருந்தார். அருங்காட்சியகத்தின் காவலர். முகையூர் பக்கத்துக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். அவரை எல்லோரையும் போல நானும் செக்யூரிட்டி அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இந்த வேலைக்கு வரும்வரை மாடு வளர்த்துப் பால் ஊற்றிப் பிழைத்தவர். மாடுகளைக் கொடுத்துவிட்டுச் சீருடை மாட்டியிருந்தார். வாயிலுக்குப் பக்கத்து அறையிலேயே தங்கியிருந்தார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த சில நாட்களில் ஒரு சாயங்காலம் விமானத்துக்கு அடியிலிருந்து புகை வந்தது. அலறிக்கொண்டு ஓடினேன். மண்சட்டியில் வேப்பிலையும் வரட்டியும் போட்டு மூட்டம் வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, என்ன பண்றீங்க?"

"கொசு மேடம். சாயங்காலமானா மொய்க்குது."

"யாரை?"

அவர் விமானத்தைப் பார்த்தார், ட்ரோனைப் பார்த்தார், பிறகு, "என்னத்தான்" என்றார். ஆனால் யோசித்துவிட்டுத்தான் சொன்னார்.

விமானத்தை அவர் பெரிசு என்பார், ட்ரோனைக் கன்னு என்பார். கன்றுக்குட்டி என்று பொருள். விமானத்தின் வாலுக்குப் பக்கத்தில், தலையை அதன் வயிற்றுப் பக்கம் திருப்பியபடி ட்ரோன் நிற்பதால் அப்படித் தோன்றியிருக்கலாம். அந்த மாதிரி வைத்தது நான்தான். இடவசதி அப்படி. ஆராய்ச்சி மாணவர் ஒருவர் ஒருமுறை இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "தாயும் புள்ளையும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

போகிக்கு முன்தினம் நான் என் ஊரான கோலியனூருக்குக் கிளம்பினேன். அண்ணனைக் கூப்பிட்டு வரிசையாகச் சொன்னேன். விமானத்தைச் சுற்றிக் கட்டிய தடுப்புக் கயிற்றுக்குள் யாரையும் விடக்கூடாது. தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது. மூட்டம் வைக்கவே கூடாது. எஞ்சின் வாய்க்குள் மைனா கூடு கட்டினால் அவராக எடுக்காமல் என்னைக் கூப்பிட வேண்டும். ஆய்வாளர் வருகிறார், எல்லாம் இப்போது இருக்கிறபடியே இருக்க வேண்டும்.

"பொங்கலுக்கு எதுவும் பண்ண வேணாமா மேடம்?" என்று கேட்டார்.

உங்கள் அறையில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்றேன். பண்டிகைக்கு ஊருக்குப் போக முடியாத வருத்தத்தில் கேட்கிறார் என்று நினைத்தேன். நான் சொன்ன வரிசையில் கொம்பு பற்றி எதுவும் இல்லை. இருக்க வேண்டும் என்று எந்தப் பொறியாளருக்கும் தோன்றியிருக்காது.

மாட்டுப் பொங்கல் அன்று சாயங்காலம் அண்ணன் போட்டோ அனுப்பினார்.

விமானத்தின் மூக்கு நுனியில் ஈட்டி போல முன்னால் நீண்ட ஒரு குழாய் உண்டு. காற்றின் அழுத்தத்தை வாங்கி வேகத்தைச் சொல்லும் பிட்டோ குழாய். அது பளபளவென்று நீல நிறத்தில் இருந்தது. நுனி மட்டும் சிவப்பு. அடிப்பகுதியில் சலங்கை கட்டியிருந்தது. மூக்கைச் சுற்றி வேப்பிலையும் பூளைப்பூவும் சேர்த்துக் கட்டிய மாலை. உடம்பு முழுவதும், இறக்கை வரைக்கும், வட்டவட்டமாகக் காவி நிறத்தில் அச்சு. மாட்டின் மேல் டம்ளர் வாயை வண்ணத்தில் முக்கி ஒற்றி எடுப்பார்களே, அதே வட்டங்கள். ஏணி வைத்துத்தான் ஒற்றியிருக்க வேண்டும். ட்ரோனுக்குக் கழுத்து இல்லாததால் நடுவில் புதுக் கயிறு ஒன்று கட்டி, அதன் மறுமுனையை விமானத்தின் முன்சக்கரத்தில் முடிந்திருந்தார். கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: கன்னுக்குக் கொம்பு மொளைக்கல, அதனால பெயிண்ட் அடிக்கல மேடம்.

போனை அப்பாவிடம் காட்டினேன். எங்கள் வீட்டில் என்றைக்கும் மாடு இருந்ததில்லை. மாடு வைத்திருந்தவர்களின் கொல்லையில் நின்று, அவர்களுடைய மாடுகளுக்குக் கொம்பு சீவி வண்ணம் பூசிக் கொடுப்பதுதான் அப்பாவின் மாட்டுப் பொங்கலாக இருந்தது. அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கொம்பு ஒண்ணுதான் கீதா? இன்னொண்ணு ஒடஞ்சிடுச்சா?"

"ஒண்ணுதான்பா. அது கொம்பே இல்ல."

"சீவாம அடிச்சிக்கிறான். ஆனா திட்டு விழாம அடிச்சிக்கிறான். நல்ல கை."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மாடே இல்லாத வூட்டுல பொறந்துட்டு மாட்டுப் பொங்கல்ல உனுக்கு இன்னாடி பேஜாரு? சாப்பிட வா."

மறுநாள் காணும் பொங்கல். விழுப்புரம் பேருந்து நிலையத்தில் முதல் வண்டியைப் பிடித்தேன். பையில் பஞ்சுக் குச்சிகள், காய்ச்சி வடித்த நீர், மூன்று வகைக் கரைப்பான்கள், மெல்லிய துணி. என் பயம் வண்ணத்தை விட அந்த வட்டங்களைப் பற்றியதாக இருந்தது. காவியில் சுண்ணாம்பு கலந்திருந்தால் அலுமினியத்தை அரித்துவிடும். கல்லூரி வாசலில் வழக்கமாக எந்தப் பேருந்தும் நிற்காது, நடத்துநரிடம் கெஞ்ச வேண்டும். அன்று நான் கேட்பதற்கு முன்பே நடத்துநர், "பிளேன் ஸ்டாப்பு எறங்கு, ஜல்தி எறங்கு!" என்று கத்தினார். பாதிப் பேருந்து இறங்கியது.

அண்ணன் அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் வைத்திருந்தார். காணும் பொங்கலுக்குச் செஞ்சிக் கோட்டைக்கோ கடற்கரைக்கோ போயிருக்க வேண்டிய கூட்டம் எங்கள் வளாகத்தில் நின்றது. வரிசை வாயிலைத் தாண்டிச் சாலை வரைக்கும் போயிருந்தது. விமானத்தின் மூக்குக்கு நேர் கீழே வாழை இலைகளில் சர்க்கரைப் பொங்கல். யாரோ கரும்பு சாத்தியிருந்தார்கள். ஒருவர் தன் காளையையும் அலங்கரித்து ஓட்டி வந்திருந்தார். இரண்டையும் சேர்த்து நிறுத்திப் படம் எடுக்க வேண்டுமாம். நான் கயிற்றைத் தாண்டி ஓடுவதற்குள் காளை இலையில் இருந்த பொங்கலைத் தின்றுவிட்டு, விமானத்தின் முன்சக்கரத்தில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"சேந்துக்கிச்சு பாருங்க மேடம்," என்றார் அண்ணன்.

"அண்ணா, காவியில சுண்ணாம்பு கலந்தீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

"சேச்சே. சுண்ணாம்பு பட்டா தோல் எரியாதா? அரிசி மாவுல கரைச்சேன்."

விமானத்தின் மேல்தகட்டை நாங்களும் தோல் என்றுதான் சொல்வோம். பையிலிருந்து துணியை எடுத்தேன்.

சேர்மன் கூட்டத்துக்கு நடுவே கைகூப்பியபடி வந்தார். அவ்வளவு மகிழ்ச்சியாக அவரை நான் பார்த்ததில்லை. நான் துணியை நனைத்துக்கொண்டிருந்ததைக் கண்டு முகம் மாறினார்.

"என்னம்மா பண்ணப் போற?"

"துடைக்கணும் சார். நாளைக்கு ஆய்வாளர் வர்றார்."

"இத்தினி ஜனம் வந்து நிக்குது, இப்பப் போயி தொடைக்கிறியா? ஒரு வருசமா உன் போர்டப் படிக்க எத்தினி பேர் வந்தான்? எல்லாம் போனதும் தொடை. இப்ப ஓரமா நில்லு."

கடைசிக் குடும்பம் போகும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வட்டங்கள் வெறும் தண்ணீரிலேயே வந்துவிட்டன. மாலை, சலங்கை, கயிறு எல்லாவற்றையும் அண்ணனே கழற்றினார். கொம்புதான் வரவில்லை. அது எனாமல் பெயிண்ட். கரைப்பானில் பஞ்சை நனைத்து ஓரமாக ஒரு பொட்டளவு தேய்த்துப் பார்த்தேன். நீலம் வந்தது, அதோடு கீழே இருந்த பழைய சாம்பல் வண்ணமும் வந்தது. நிறுத்திவிட்டேன். அவசரமாக எதையும் எடுக்காதே என்பதுதான் எங்கள் வேலையின் முதல் விதி. நாளை இந்த நீலக் கொம்போடுதான் ஆய்வாளர் விமானத்தைப் பார்ப்பார், நாளை மறுநாள் எனக்கு வேலை இருக்காது.

ஆய்வாளர் காலையிலேயே வந்துவிட்டார். நரைத்த மீசை, இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, கையில் ஒரு அட்டை, அதில் கேள்விகள் அச்சிட்ட தாள். டயர், கண்ணாடி, துரு, பறவைக் கூடு என்று ஒவ்வொன்றாகக் குறித்தபடி விமானத்தின் வாலிலிருந்து தொடங்கி முன்னால் வந்தார். வயிற்றுக்கு அடியில் ரோஜாப்பூத் திரைச்சீலையைக் கண்டு ஒரு கணம் நின்றார், கேட்கவில்லை. மூக்கை அடைந்ததும் நின்றார்.

"இது என்ன?" என்றார்.

நான் பேசுவதற்குள் அண்ணன் சல்யூட் அடித்துவிட்டு, "நான்தான் சார் அடிச்சேன்," என்றார்.

"நான்தான் செய்யச் சொன்னேன்," என்றார் சேர்மன், ஒரு அடி முன்னால் வந்து. "நேத்து நீங்க வந்திருக்கணும் சார். ஜனம் அப்படி."

"காட்சிப்பொருளைச் சேதப்படுத்தியிருக்கிறீர்கள் என்று எழுத வேண்டியிருக்கும்," என்றார் ஆய்வாளர்.

சேர்மன் உடனே திரும்பினார். "யோவ், யார்யா உன்ன இதெல்லாம் பண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார்," என்றார் அண்ணன் அமைதியாக. "மாட்டுப் பொங்கலுக்கு யாரு வந்து சொல்லணும்?"

நான் நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொன்னேன். எது வந்தது, எது வரவில்லை, கரைப்பான் போட்டபோது என்ன ஆனது, ஏன் நிறுத்தினேன். ஆய்வாளர் குனிந்து நான் தேய்த்த இடத்தைப் பார்த்தார். பிறகு சற்றுத் தள்ளிப் போய் மேலதிகாரிக்குப் போன் செய்தார். இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும் எங்களுக்குக் கேட்டது.

"நீலம் சார்... இல்ல, மறைப்பு வண்ணம் இல்ல. பண்டிகை... கொம்புன்னு சொல்றாங்க... இல்ல சார், மாடு இல்ல, விமானத்துக்குத்தான்... ஆமா, மாடும் நேத்து வந்திருக்குது, ஆனா அது வேற மாடு... நுனி சிவப்பு சார்."

திரும்பி வந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. சோர்வு இருந்தது. பையிலிருந்து ஓர் உறையை எடுத்துக் காட்டினார்.

"இடமாற்ற ஆணை. கையெழுத்துப் போட்டே கொடுத்து அனுப்பினார்கள். ஆய்வு பேருக்குத்தான். அடுத்த வாரம் டிரெய்லர் வந்திருக்கும்."

அவர் தொடர்ந்தார்.

"ஆனால் மூல நிலையில் இருக்கும் பொருளைத்தான் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகலாம். மாற்றம் ஏதாவது இருந்தால், இருக்கிற இடத்திலேயே, பயிற்சி பெற்றவரைக் கொண்டு, பழையபடி ஆக்கிய பிறகுதான். வழியில் உதிர்ந்தால் யார் பொறுப்பு என்று தகராறு வந்து போட்ட விதி. ஆகவே விமானம் இப்போதைக்கு இங்கேதான்."

"நான்தான் சொன்னேன் கொம்பு அடிக்கச் சொல்லி," என்றார் சேர்மன்.

"ட்ரோனை எடுத்துக்கொண்டு போகலாம்," என்றார் ஆய்வாளர். "அதில் வண்ணம் எதுவும் இல்லையே."

அண்ணன் ஒரு அடி முன்னால் வந்தார். "கன்ன மட்டும் பிரிச்சிக்கினு போறதா? தாய் கத்தும் சார்."

"விமானம் கத்தாது."

"நீங்க ராத்திரி இங்க படுத்ததில்ல சார்."

ஆய்வாளர் அவரை விட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்கள் பொறுப்பாளர். தொழில்நுட்பம் தெரிந்தவர். சொல்லுங்கள், ட்ரோன் மூல நிலையில் இருக்கிறதா?"

பொய் சொல்ல எனக்கு வராது. ட்ரோனிடம் போய், முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை, மேலிருந்து கீழாக, படிப்பில் சொல்லிக்கொடுத்த வரிசையில் பார்த்தேன். கயிறு கட்டிய இடத்தில் தடம் இல்லை. இறக்கையில் எதுவும் இல்லை. வாலில் எதுவும் இல்லை. மூக்கு நுனிக்குக் கீழே, குனிந்தால் மட்டுமே தெரியும் இடத்தில், குங்குமப் பொட்டு ஒன்று இருந்தது. அண்ணன் நல்லெண்ணெயில் குழைத்து வைத்திருந்தார். ட்ரோனின் மூக்கு உலோகம் அல்ல, கண்ணாடி இழை. பழைய வண்ணத்தில் மயிரிழை வெடிப்புகள் இருந்தன. எண்ணெய் அவற்றின் வழியே உள்ளே ஊறி, சிவப்பாகப் பரவியிருந்தது. ஈரத் துணியால் ஒற்றிப் பார்த்தேன். வரவில்லை.

"இல்ல சார்," என்றேன். "பொட்டு ஊறியிருக்கு."

அவர் முழங்காலை மடக்கி உட்கார்ந்து பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். விமானத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒரு வேப்பிலை என் தோளில் விழுந்தது. அவர் எழுந்து, அச்சிட்ட தாளில் இதற்கான இடத்தைத் தேடினார். கிடைக்காமல் ஓரத்தில் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். கொம்பு, நீலம், ஒன்று. பொட்டு, சிவப்பு, ஒன்று.

போகும்போது, "எவ்வளவு காலம் ஆகும்?" என்று கேட்டார்.

"அடியில இருக்கிற வண்ணத்துக்குச் சேதம் வராம எடுக்கணும்னா மெதுவாத்தான் சார் எடுக்க முடியும். பஞ்சுக் குச்சியால."

"மெதுவாகவே எடுங்கள்," என்றார். அவர் அதை விதியாகச் சொன்னாரா, வேறு மாதிரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அண்ணன் காகிதத்தில் மடித்துக் கொடுத்த பொங்கலை வாங்கிக்கொண்டு வண்டி ஏறினார்.

எனக்குப் புதிய நியமன ஆணை வந்தது. இதற்கு முந்தையதில் ஓராண்டு என்று இருந்த இடத்தில், "சீரமைப்புப் பணி முடியும் வரை" என்று எழுதியிருந்தது. சேர்மன் நெடுஞ்சாலையில் புது பேனர் வைத்தார். அதில் விமானத்தை விடக் கொம்பு பெரிதாக இருந்தது. இப்போது சனி, ஞாயிறுகளில் கூட்டம் வருகிறது. கொம்பைத் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல, மரியாதையாக ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருக்கிறேன்.

தினமும் காலையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குழாயின் அடிப்பகுதியிலிருந்து தொடங்கி நீலத்தை எடுக்கிறேன். ஒரு நாளில் நகக்கண் அளவு இடம் தெளிந்தால் நல்ல நாள். அதற்கு மேல் வேகமாகச் செய்தால் சாம்பல் வண்ணம் கையோடு வரும். இது உண்மை. என் வேலை இதைப் பொறுத்து இருக்கிறது என்பதும் உண்மை. இரண்டையும் பிரித்துப் பார்க்க முயன்றிருக்கிறேன், பிரியவில்லை.

அண்ணன் சில நாட்கள் வந்து பக்கத்தில் நின்று பார்ப்பார். ஒருநாள் கேட்டார்.

"இது பூராவும் போயிடுச்சின்னா, வந்து ஓட்டிக்கினு போயிடுவாங்களா மேடம்?"

"ஆமாண்ணா."

தெளிந்த இடத்தையும் மிச்சம் இருக்கும் இடத்தையும் அவர் விரலால் அளந்து பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பஞ்சுக் குச்சியைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் சின்னக் குச்சியா கெடைக்காதா?" என்றார்.

நான் சிரிக்கவில்லை. மாதக் கடைசி. அறைக்குப் போய்த் துறைக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையை எழுதினேன். அதில் இரண்டே வரிகள்தான் வரும். கொம்பு: பணி நடைபெற்று வருகிறது. பொட்டு: இன்னும் தொடங்கவில்லை.